வெறுங்கலத்தின் வெள்ளோட்டம்



ஆகாய யாத்திரையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சந்திரனில் கால் வைத்தவர்களைப் பற்றியோ, செவ்வாய்க்குப் போகப் போகிறவர்களைப் பற்றியோ சொல்லி, கேட்போர் உள்ளத்தைச் சிறிது நேரம் பூமிக்கு மேலே தூக்கிச் சென்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அவ்வளவு கவர்ச்சியுடையதன்று. ஆள் ஏறாத கலத்தை, சரக்கென்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாத கலத்தை, கோடிக்கணக்கான பணத்தைச் செலவிட்டு ஏன் மேலே அனுப்பிப் பார்க்கிறார்கள், அப்படிப் பார்த்ததில் தெரியவந்தவற்றுள் பூமியிலேயே தெரிந்திருக்கக் கூடியவை எவை, எவ்வளவு பிரயத்தனப்பட்டாலும் பூமியில் தெரிந்திருக்கவே முடியாதவை எவை என்பதே என் விசாரணை. அதற்கு உதாரணமாக, அமெரிக்காவில் ஸ்பேஸ் எக்ஸ் என்னும் தனியார் கம்பெனி செய்த ஃபால்கன் ராக்கெட்டையும், அதன் தலையில் ஏறிச் செல்லும் டிராகன் என்னும் கலத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

புதுத் தேர் செய்து முடித்த ஊரில், சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன் வெறுந்தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, திருப்பத்தில் சக்கரம் வழிக்கு வருகிறதா, முட்டுக்கட்டை போடுகிறவன் கைக்குத் தேர் அடங்குகிறதா என்பவை, தேர் நிலையில் நிற்கும்போது தெரிவதில்லை. ராக்கெட் விஷயத்திலும் நியாயம் இதுவேதான் என்றாலும், எல்லோரும் எப்போதும் அதை அனுசரித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, கொலம்பியா என்னும் விண்வெளி ஓடம் முதன்முதலாகப் புறப்பட்டபோதே ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என்னும் இருவர் அதனுள் அமர்ந்திருந்தார்கள். ஆளில்லாமல் அது அதற்கு முன் ஒரு தடவைகூட விண்வெளிக்குச் சென்றதில்லை. அப்படிச் செல்லும்படி அது அமைக்கப்படவும் இல்லை. பக்கவாட்டில் பிணைத்திருந்த ராக்கெட்டுகள் பற்றிக்கொண்ட வேகத்தில் எழுந்த அழுத்த அலை எதிர்பார்த்ததைவிட மிகப் பலமாக இருந்தது. வெப்பத்தைத் தாங்க வேண்டிய ஓடுகளில் 16 கழன்று போயின. இருவரும் சௌக்கியமாகத் திரும்பி வந்தார்கள் என்ற காரணத்தால் அந்த முடிவு விவேகமானதாகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

பூமியில் செய்யக்கூடிய பரீட்சைகள் அநேகம் இருக்கின்றன. எஞ்சினை ஓர் இரும்புச் சட்டத்தில் இறுகப் பிணைத்து எரிய விடலாம். கலத்தைக் குலுக்கலாம், வறுக்கலாம், காற்றை நீக்கிய அறையில் பூட்டி வைக்கலாம். ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று பாராசூட்டை விரிக்கச் செய்யலாம். ஆனால் பாரமின்மை, வெற்றிடம், விநாடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகம், ஒன்றன்பின் ஒன்றாகத் தவறாமல் நடந்தேற வேண்டிய நூற்றுக்கணக்கான காரியங்களின் வரிசை ஆகிய இவையெல்லாம் ஒருங்கே கூடும் இடம் பூமியில் எங்கும் கிடையாது. ஆகையால் ஒரு புதிய யந்திரத்தைப் பற்றிய நம்முடைய அறியாமையை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது: பொறுமையிருந்தால் தரையிலேயே போக்கிக்கொள்ளக் கூடியது ஒன்று, ஆகாயத்தைத் தவிர வேறெவரும் போக்க முடியாதது மற்றொன்று. வெள்ளோட்டம் என்பது இரண்டாவதற்காக ஏற்பட்டது. முதலாவதை அதன் தலையில் சுமத்துகிறவர்கள் மிகவும் அதிகமான விலை கொடுக்கிறார்கள்.

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த குவாஜலீன் பவளத்திட்டில், ஓமெலெக் என்று ஒரு மிகச் சிறிய தீவு உண்டு. 2002ஆம் ஆண்டில் ஈலான் மஸ்க் என்பவர் ஆரம்பித்த இந்தக் கம்பெனி, தன் முதல் ராக்கெட்டாகிய ஃபால்கன் 1ஐ அங்கிருந்துதான் ஏவிப் பார்த்தது. 2006 மார்ச் 24ஆம் தேதி முதலாவது ராக்கெட் எழும்பி அரை நிமிஷம் செல்வதற்குள் எஞ்சின் பக்கம் தீப்பற்றி, விசை நின்று, தீவின் அருகிலேயே விழுந்தது. அதன் உச்சியில் இருந்த, ஆகாயப் படைக் கல்லூரி மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோளோ தனியே பிய்த்துக்கொண்டு வந்து, பக்கத்திலிருந்த கொட்டகை ஒன்றின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிற்று. அனுப்பிய பொருள் இவ்வளவு சீக்கிரத்தில் அனுப்பியவர்களின் கொட்டகைக்கே திரும்பி வருவது ராக்கெட் சரித்திரத்தில் அபூர்வம். எரிபொருள் குழாயின் மூட்டை இறுக்கியிருந்த ஓர் அலுமினிய மரையைக் கடலின் உப்புக் காற்று அரித்துவிட்டதே காரணம் என்று கண்டார்கள். இது தரையிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கடற்கரையோரம் வசிப்பவர் எவரும் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த வருஷம் மார்ச்சு மாதத்தில் சென்ற இரண்டாவது ராக்கெட் விண்வெளியை எட்டிய பிறகு, மேலடுக்கின் தொட்டியில் திரவம் அலம்பத் தொடங்கி, அந்த அலம்பல் ராக்கெட்டையே ஆட்டி, எஞ்சின் நின்றுபோகும்படி செய்துவிட்டது. தொட்டிக்குள் தடுப்புகள் வைக்க வேண்டிய அவசியமில்லை என்று கணக்குச் சொல்லியிருந்தது. ஆகாயம் வேறுவிதமாகச் சொன்னது.

மூன்றாவது தோல்விதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஆகவே அதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 2008 ஆகஸ்டில் புறப்பட்ட அந்த ராக்கெட்டில் கீழடுக்கின் எஞ்சின் புதிய வகையைச் சேர்ந்தது. எரிபொருளையே அதன் சுவரிலுள்ள நுண்ணிய கால்வாய்களில் ஓடவிட்டுச் சுவரைக் குளிர்விக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்தக் கால்வாய்களில் தங்கியிருந்த எரிபொருள் சிறிது சிறிதாகக் கசிந்து வந்து எரிந்து, ஒரு சொற்ப அழுத்தத்தை உண்டாக்கிக் கொண்டிருந்தது. அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு. பூமியின் மேல் நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தமோ சுமார் 15 பவுண்டு. ஆதலால் டெக்ஸாஸில் உள்ள பரீட்சைக் களத்தில் அந்த எஞ்சினை எத்தனை தடவை எரித்து எத்தனை தடவை நிறுத்தியபோதும், மிச்சமிருந்த அந்த உந்துதல் அளவுகோல்களில் ஏறக்குறையத் தென்படவே இல்லை. காற்றற்ற உயரத்தில் எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லாமையால் அது ஒரு விசையாக வெளிப்பட்டு, இரண்டு அடுக்குகளும் பிரிந்த சில விநாடிகளுக்குள் கீழடுக்கை மறுபடியும் மேலே தள்ளி, மேலடுக்கின் மீது கொண்டுபோய் மோதிவிட்டது. எஞ்சினை நிறுத்துவதற்கும் அடுக்குகளைப் பிரிப்பதற்கும் இடையே இன்னும் சில விநாடி பொறுத்திருந்தால் போதும், இதுவே பரிகாரம். இரண்டு மாதங்கூட ஆவதற்கு முன், செப்டம்பர் 28ஆம் தேதி, அந்த ஒரு மாறுதலோடு நாலாவது ராக்கெட் சென்று பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தது. அதில் போன சுமை 165 கிலோ எடையுள்ள ஒரு வெறும் உலோகப் பிண்டம். தங்கள் கோளை அதில் ஏற்றி அனுப்ப அப்போது வேறெவருக்கும் துணிவு பிறக்கவில்லை போலும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுவது நியாயமே. முதலில் மஸ்க்கின் சொந்தப் பணம்; பிறகு அமெரிக்க சர்க்காரின் பணம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில், விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வேலைக்கென்று, நாசா ஒரு புதுவிதமான ஒப்பந்தத்துக்கு வந்தது. அதற்கு முன் இருந்த சம்பிரதாயம், ஆன செலவைக் கொடுத்து அதன்மேல் லாபத்தையும் கொடுப்பது. அதன்படி தாமதம் ஆக ஆகக் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை, சில சமயம் அநுகூலமும் உண்டு. புதிய ஏற்பாட்டில், இன்னின்ன படியை எட்டினால் இவ்வளவு தொகை என்று முன்னதாகவே குறித்துவிட்டு, மிஞ்சிய செலவையும் நஷ்டத்தையும் கம்பெனியின் தலையிலேயே விட்டார்கள். ஸ்பேஸ் எக்ஸுக்கு முதலில் 27.8 கோடி டாலரும், பின்னர்ச் சேர்த்ததையும் கூட்டி 39.6 கோடி டாலரும் கிடைத்தன. அதே சமயம் ஒப்பந்தம் பெற்ற வேறொரு கம்பெனி, குறித்த படிகளை எட்ட முடியாமையால் அடுத்த வருஷமே அதை இழந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபால்கன் 9 என்னும் பெரிய ராக்கெட்டை உருவாக்கச் செலவானது சுமார் 30 கோடி டாலர். பழைய சம்பிரதாயப்படி நாசாவே செய்திருந்தால் ஏறக்குறைய 400 கோடி டாலர் வரை ஆகியிருக்கலாம் என்று 2011இல் நாசாவின் மதிப்பீடு ஒன்றே கூறிற்று.

இதைக் கேட்டுவிட்டுத் தனியார் முயற்சியின் மகிமை என்று கைதட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராகன் கலத்தின் அடிப்பாகத்தைக் காக்கும் வெப்பக் கவசத்தின் மூலப்பொருள் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. வால்நட்சத்திரத் தூசியை ஏந்தி வந்த ஸ்டார்டஸ்ட் கலம், 2006இல் விநாடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் பூமியின் காற்றுமண்டலத்துள் பாய்ந்தபோது அதைக் காத்தது அந்தப் பொருள்தான். ஏவுதளம் கேப் கனாவரலில் அப்போது ஆகாயப் படைக்குச் சொந்தமாயிருந்த 40ஆம் எண் தளம். பொதுஜனங்களின் வரிப்பணத்தில் ஐம்பது வருஷமாகச் சேர்ந்த அறிவு அந்தக் கம்பெனிக்கு முன்னதாகவே கிடைத்திருந்தது. அந்த அறிவைக் கொண்டு பரீட்சைகளைச் சீக்கிரமாகவும் சிக்கனமாகவும் நடத்தினார்கள் என்பதே அவர்களுக்கு உரிய புகழ். அதுவே போதிய புகழ்தான்.

2010 ஜூன் 4ஆம் தேதி ஃபால்கன் 9 முதன்முதலாகப் பறந்தது. கீழே ஒன்பது எஞ்சின், மேலே ஓர் எஞ்சின், உச்சியில் டிராகனின் மாதிரிக் கூடு. அதே நாள் முதல் முயற்சியில் கடைசி விநாடிகளில் கம்ப்யூட்டரே ஏவுதலை நிறுத்திவிட, காரணத்தை ஆராய்ந்து சரிசெய்து, அன்றைக்கே மறுபடியும் எண்ணத் தொடங்கி ஏவிவிட்டார்கள். கலம் கூட்டளவில்தான் இருந்தது. திரும்பி வருவதற்கு வேண்டிய சாதனம் எதுவும் அதில் இல்லை.

உண்மையான கலத்தின் பரீட்சை அந்த வருஷம் டிசம்பரில் வந்தது. விண்வெளியிலிருந்து ஒரு கலத்தைத் திரும்ப இறக்குவதற்குத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து இலாகா வழங்கிய முதல் அனுமதிப் பத்திரம் இதற்காகத்தான். ஏவுவதற்கு இரண்டு நாள் முன், மேலடுக்கு எஞ்சினின் வாயுக்கள் வெளியேறும் மணி வடிவமான நீட்சியின் ஓரத்தில் வெடிப்புகள் தென்பட்டன. அந்த நீட்சி நையோபியம் கலந்த உலோகத்தால் ஆனது. ஓரத்தில் அதன் கனம் சில தாள்களை அடுக்கிவைத்தாற்போல மிகச் சொற்பம். சம்பிரதாயப்படி செய்வதானால் ராக்கெட்டைக் கொட்டகைக்குத் திரும்பக் கொண்டுபோய், அடுக்குகளைப் பிரித்து, வேறு நீட்சியைப் பொருத்த வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கலிபோர்னியாவிலிருந்து ஒரு தொழிலாளியை வரவழைத்து, வெடிப்பு இருந்த பாகத்தை, சுமார் 4 அடி நீளத்துக்கு, கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார்கள்!

இதைத் துணிச்சல் என்று சிலரும் பைத்தியக்காரத்தனம் என்று சிலரும் சொன்னார்கள். இரண்டும் சரியன்று என்று நினைக்கிறேன். நீட்சியின் நீளம் வெற்றிடத்தில் எஞ்சினுக்குக் கொஞ்சம் அதிகமான உந்துதலைத் தருவதற்காக ஏற்பட்டது. அது குறைந்தால் உந்துதலின் திறமை குறையுமேயன்றி, எஞ்சின் எரியாமல் போய்விடாது. அன்றைய பயணமோ பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி வருவது மட்டும். தேவைக்கு மேற்பட்ட சக்தி ராக்கெட்டில் மிச்சமாக இருந்தது. எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று கணக்கிட்டுப் பார்த்து, விடை கிடைத்தவுடன் தயங்காமல் செய்தார்கள். தரையில் விடை தெரியக்கூடிய கேள்வி அது. அதைத் தரையிலேயே தீர்த்துக்கொண்டு, ஆகாயத்துக்கென்று உள்ள கேள்விகளை மட்டும் ஆகாயத்துக்கு எடுத்துச் சென்றார்கள். டிசம்பர் 8ஆம் தேதி காலை 10 மணி 43 நிமிஷத்துக்குப் புறப்பட்ட டிராகன், 3 மணி 20 நிமிஷத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு, மூன்று பாராசூட்டுகளில் தொங்கியவாறு மெக்ஸிகோவின் மேற்கே பசிபிக் கடலில் இறங்கிற்று. பூமியைச் சுற்றிவிட்டு முழுசாகத் திரும்பி வந்த முதல் தனியார் கலம் அதுவே. உள்ளே சக்கரம் போன்ற ஒரு பாலாடைக்கட்டி ரகசியமாக வைக்கப்பட்டிருந்ததை மறுநாள் தெரிவித்தார்கள். இங்கிலீஷ் நகைச்சுவை நாடகம் ஒன்றை நினைவூட்டும் வேடிக்கை என்று கேள்வி. வேடிக்கையையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

2012 மே மாதத்தில் டிராகன் சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கியபோது, தூரத்தை அளக்கும் லேசர்க் கருவி, நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து பட்டுத் தெறித்த ஒளியால் குழம்பிப் போயிற்று. கருவியின் பார்வையைக் குறுக்கிவிடும்படி பூமியிலிருந்து உத்தரவு அனுப்பி, கலத்தை மெல்ல மெல்ல முன்னேறச் செய்து, மே 25ஆம் தேதி நிலையத்தின் இயந்திரக் கையால் பிடித்து இணைத்தார்கள். அந்தத் தெறிப்பும் மேலே சென்றாலன்றித் தெரியாத வகையைச் சேர்ந்தது.

சரக்கிலிருந்து மனிதருக்கு வந்துவிட்டால், பிசகுக்கு இடமே கொடுக்கலாகாது. 2014 செப்டம்பரில் நாசா, விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்லும் பொறுப்பை இரண்டு கம்பெனிகளுக்கு, முன்னதாகவே குறித்த தொகைக்கு, பங்கிட்டு அளித்தது: ஸ்பேஸ் எக்ஸுக்கு 260 கோடி டாலர், போயிங் கம்பெனிக்கு 420 கோடி டாலர். விமானத் தொழிலில் நீண்ட பரம்பரையுடைய போயிங்குக்கு அதிகத் தொகை கிடைத்ததில் அன்று யாருக்கும் ஆச்சரியம் உண்டாகவில்லை.

2019 மார்ச் 2ஆம் தேதி, மனிதருக்கென்று அமைத்த புதிய டிராகன், ரிப்ளி என்ற பெயர் சூட்டிய ஒரு பொம்மையை ஆசனத்தில் இருத்திக்கொண்டு சென்று, நிலையத்தோடு தானாகவே இணைந்து, ஆறே நாளில் திரும்பி வந்தது. எல்லோரும் மெச்சினார்கள். அது புறப்பட்டு ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 20ஆம் தேதி, அதே கலத்தைத் தரையில் வைத்து, ஆபத்து நேர்ந்தால் ராக்கெட்டிலிருந்து கலத்தைப் பிய்த்துக்கொண்டு பறக்கவேண்டிய எஞ்சின்களை எரித்துப் பார்க்க முற்பட்டபோது, கலம் முழுவதும் வெடித்துச் சிதறிற்று. வால்வு ஒன்றன் வழியே கசிந்து ஹீலியம் குழாயில் தங்கியிருந்த திரவத் துளியை, உயர்ந்த அழுத்தம் ஒரு டைட்டானியம் வால்வின்மீது மோதியடிக்க, உலோகமே பற்றிக்கொண்டது என்று பின்னர் அறிந்தார்கள். ஆகாயத்தில் குறையின்றித் தேறிய கலம் தரையில் தோற்றது. வெள்ளோட்டம் நன்றாக முடிந்துவிட்டதே, இனிப் பரீட்சை எதற்கு என்று இருந்துவிட்டிருந்தால்? அந்த வால்வுகளை நீக்கிவிட்டு, ஒரு தடவை மாத்திரம் கிழிந்து வழிவிடும் தகடுகளை வைத்தார்கள். 2020 ஜனவரி 19இல், பறந்துகொண்டிருக்கும் ராக்கெட்டிலிருந்து கலம் தப்பிக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே ஒரு ராக்கெட்டைப் பலி கொடுத்தார்கள். கலம் தப்பியது, ராக்கெட் துண்டு துண்டாயிற்று. இந்தப் பரீட்சையைப் பறந்து காட்டுவதா, கணக்கிட்டுக் காட்டுவதா என்பது கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்தது. போயிங் கணக்கைத் தேர்ந்துகொண்டது. அந்த வருஷம் மே 30ஆம் தேதி டக் ஹர்லி, பாப் பென்கன் என்னும் விண்வெளி வீரர் இருவர் டிராகனில் ஏறிச் சென்று, ஆகஸ்டில் திரும்பி வந்தார்கள்.

போயிங்கின் ஸ்டார்லைனர் என்னும் கலம் 2019 டிசம்பர் 20ஆம் தேதி ஆளில்லாமல் புறப்பட்டது. ராக்கெட் தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆனால் கலத்தின் கடிகாரம் ராக்கெட்டினிடமிருந்து நேரத்தைத் தவறாக வாங்கிக்கொண்டு 11 மணி நேரம் பிசகியிருந்தது. வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு கலம் எரிபொருளை விரயமாக்கிவிட, நிலையத்துக்குச் செல்வதற்கே முடியாமல் போயிற்று. கலம் மேலே இருக்கும்போதே, உறுப்புகள் பிரியும்போது ஒன்றோடொன்று மோதச் செய்திருக்கக்கூடிய வேறொரு பிழையும் அகப்பட்டுத் திருத்தப்பட்டது. புறப்படுவதிலிருந்து நிலையத்தோடு இணைவது வரையிலான நிகழ்ச்சிகள் யாவற்றையும் ஒரே தொடர்ச்சியாகத் தரையில் ஓட்டிப் பார்க்காமல், துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்திருந்தார்கள். இதற்கு வெற்றிடம் வேண்டியதில்லை, பாரமின்மை வேண்டியதில்லை. மேஜைமேல் உள்ள கம்ப்யூட்டரும் ஒரு முழு நாள் பொறுமையும் போதும். ஓமெலெக் தீவின் மூன்றாவது ராக்கெட்டையும் இந்தக் கடிகாரத்தையும் ஒரே தட்டில் வைத்து, பரீட்சையில் தோல்வி சகஜம் என்று பொதுப்படச் சொல்லிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டாவது வெள்ளோட்டத்துக்கென்று போயிங் 41 கோடி டாலரைத் தன் கணக்கில் நஷ்டமாக எழுதிக்கொண்டது. 2024க்குள் அந்த நஷ்டம் 150 கோடியைத் தாண்டிற்று. பழைய ஒப்பந்தமாயிருந்தால் அதைச் செலுத்தியிருப்பவர்கள் அமெரிக்க ஜனங்கள்.

2024 ஜூன் 5ஆம் தேதி புட்ச் வில்மோர், சுனிதா வில்லியம்ஸ் என்னும் விண்வெளி வீரர் இருவர் ஸ்டார்லைனரில் சென்றதும், நிலையத்தை நெருங்குகையில் 28 சிறு உந்துபொறிகளில் 5 செயலற்றுப் போனதும், ஹீலியம் கசிந்ததும் நீங்கள் பத்திரிகைகளில் படித்தவைதான். நியூ மெக்ஸிகோவில் அதே மாதிரியான பொறி ஒன்றை எரித்துப் பார்த்து, உஷ்ணத்தால் உள்ளே டெஃப்லான் அடைப்பு உப்பி எரிபொருளின் வழியை மறித்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். பொறிகள் அடங்கிய பகுதி, கலம் பூமிக்கு இறங்குவதற்கு முன் கழற்றிவிடப்பட்டுக் காற்றுமண்டலத்தில் எரிந்துபோகும்படி அமைந்தது; அதைத் திரும்பக் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்பதற்கு வழியில்லை. ஆகையால் கலம் நிலையத்தோடு இணைந்திருந்த காலம்தான் அதைப் பரிசோதிப்பதற்குக் கிடைத்த காலம். சில நாட்களுக்கென்று போனவர்களை மாதக்கணக்கில் அங்கே விட்டுவிட்டார்களே என்று இரங்கியவர்கள் இந்தக் காரணத்தைக் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 24ஆம் தேதி, இருவரையும் அதில் ஏற்றுவதில்லை என்று நாசா தீர்மானித்தது. செப்டம்பரில் கலம் வெறுமையாகத் திரும்பி நியூ மெக்ஸிகோவின் மணற்பரப்பில் பழுதில்லாமல் இறங்கியபோது, அவர்களும் அதிலேயே வந்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். வந்திருக்கலாம், ஆனால் ஆகஸ்டில் தீர்மானித்தவர்களுக்குச் செப்டம்பர் தெரியாது. இருவரும் 286 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு, 2025 மார்ச் 18ஆம் தேதி டிராகன் ஒன்றில் வந்து பிளாரிடாவுக்கு அப்பால் கடலில் இறங்கினார்கள். ஸ்டார்லைனரின் அடுத்த பயணத்தில் ஆளை ஏற்றாமல் சரக்கை மாத்திரம் அனுப்புவதென்று அந்த வருஷம் நவம்பரில் நாசாவும் போயிங்கும் ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டன.